பத்தும் முதல் தொகுதி

“ஏம்ப்பா, பத்துப் புத்தகத்துலயும் ஒரே பாடம்தான் இருக்குமா?”

சிட்டு இதைக் கேட்டபோது அவளுடைய அப்பா குளியலறை வாசலில் நின்று, கைகளில் ஒட்டியிருந்த பெயின்ட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பது அவர் வேலை. நாள் முழுக்கச் சாரத்தில் நின்ற களைப்பு. இருந்தாலும் மகள் கேட்டதற்காக ஒரு தொகுதியை எடுத்து விரித்தார். கனத்த வெள்ளைத் தாளில் வரிவரியாகப் புள்ளிகள். இன்னொன்றை விரித்தார். அதிலும் புள்ளிகள்.

“எனக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதாண்டா தெரியுது,” என்று சிரித்தார். “நல்லாத் தேடிப் படி. சும்மா தர்றாங்க. அதுல போய்க் குறை சொல்லலாமா?”

சிட்டு பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாதவள். ஏழாம் வகுப்பு. பார்வையுள்ள பிள்ளைகளோடு சேர்ந்து சாதாரணப் பள்ளியில்தான் படித்தாள். மற்றவர்கள் பைக்குள் செருகிக்கொள்ளும் ஒரே ஒரு அறிவியல் புத்தகம், பிரெய்ல் புள்ளிகளில் அச்சாகி வரும்போது பத்துத் தடித்த தொகுதிகளாகிவிடும். விரல் தடவிப் படிக்கிற எழுத்துக்கு அவ்வளவு இடம் வேண்டும். அட்டைகளில் மட்டும் சாதாரண எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: அறிவியல், தொகுதி ஒன்று, அறிவியல், தொகுதி இரண்டு. அட்டைகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

வகுப்பு ஆசிரியையிடமும் சிட்டு கேட்டாள். அவருக்குப் புள்ளி படிக்கத் தெரியாது. தெரிந்த சிறப்பாசிரியை மாற்றலாகிப் போய், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. “கவனமாப் படிச்சா எல்லாம் புரியும்மா,” என்றார் ஆசிரியை, கனிவாகத்தான். அதற்குப் பிறகு சிட்டு யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு பெரியவர்கள் சொன்ன பிறகு, தவறு தன் விரலில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு குழந்தை முடிவு செய்துகொள்ளும்.

அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் அவள் தேறவில்லை. தலைமையாசிரியை அம்மாவை வரச் சொன்னார்.

“முழுப் பரீட்சையிலயும் இப்படின்னா எங்களால வெச்சுக்க முடியாதும்மா. பார்வை இல்லாதவங்களுக்குன்னு விடுதிப் பள்ளி இருக்கே, அங்க சேத்துடுங்க. அவளுக்கும் அதான் நல்லது.”

அந்த விடுதிப் பள்ளிக்குப் போகவே ஒரு பகல் முழுக்கப் பயணம். வருடத்துக்கு இரண்டு முறைதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். அம்மா எழுந்து வந்தாள்.

அம்மா நகரப் பேருந்து ஓட்டுநர். அவளுக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரியாது, உள்ளங்கையில் வரும். ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும். அன்று மாலை அப்படியே மடங்கிய கையோடு மகளின் முன்னால் உட்கார்ந்தாள்.

“பத்தையும் எடுத்துட்டு வாடி. ஒவ்வொண்ணுலயும் முதல் வரி படி.”

சிட்டு முதல் தொகுதியைத் திறந்து விரலை ஓடவிட்டாள். “நம்மைச் சுற்றியுள்ள பொருள்கள் யாவும் மூன்று நிலைகளில் காணப்படுகின்றன.”

“அடுத்தது.”

“நம்மைச் சுற்றியுள்ள பொருள்கள் யாவும்…”

“ஆறாவது.”

“அதேதான்மா.” சிட்டுவின் குரல் இறங்கிவிட்டது. “நான் அப்பவே சொன்னேன்.”

அம்மா எழுந்து இரண்டாம் தொகுதியிலும் ஆறாம் தொகுதியிலும் முதல் தாளைப் பிய்த்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. ஒவ்வொரு புள்ளியும் இன்னொரு புள்ளியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒன்றுகூட விலகவில்லை.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“சும்மா தர்றாங்கன்னு இன்னொரு தடவை சொன்னீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்,” என்றாள் அம்மா. பத்துத் தொகுதிகளையும் அப்பாவே ஒரு சாக்கில் அடுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

*

பிரெய்ல் அச்சகம் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. கதவைத் திறந்ததும் தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுகிற மாதிரி சத்தம். மூலையில், கண்ணாடிப் பெட்டிக்குள் புள்ளி குத்துகிற இயந்திரம் தாளை விழுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மஞ்சளேறிப்போன ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் சட்டைக் கையின் பித்தானைக்கூடப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஆப்பரேட்டர். ஐம்பதை நெருங்கும் வயது. அம்மாவும் சிட்டுவும் உள்ளே வந்ததும் இயந்திரத்தை நிறுத்தினார்.

மேலாளர் இரண்டு தாள்களையும் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மாறியது. உடனே அதைச் சரிசெய்துகொண்டார்.

“நாங்க எண்ணிக்கை பாத்துதான்மா அனுப்பறோம். பத்துன்னா பத்து இருக்கும்.”

“எண்ணிக்கையை நானும் பாத்தேன் சார். உள்ள என்ன இருக்குன்னு யார் பாக்கறது?”

“அதுக்கு ஒரு ப்ரூஃப் ரீடர் இருந்தார். பார்வை இல்லாதவர்தான். ரிடையர் ஆயிட்டார். அந்த போஸ்ட் காலி.”

“அப்ப இந்த ஆபீஸ்ல புள்ளி படிக்கத் தெரிஞ்சவங்க யாரு?”

மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். ஆப்பரேட்டர் விசைப்பலகையைப் பார்த்தார்.

“ஒருத்தருமில்லையா? சோத்து ருசி தெரியாதவங்க நடத்துற ஓட்டலா இது?”

“அம்மா, கொஞ்சம் மெதுவா…”

“பஸ் ஓட்டறவ சார். எனக்கு மெதுவாப் பேச வராது.”

“பத்தும் ஒரே கனமா இருந்துச்சு,” என்றார் ஆப்பரேட்டர், தன்னையறியாமல். “பெட்டியில அழகா உக்காருதேன்னு நாங்களே பேசிக்கிட்டோம்.”

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். “இப்ப என் கண்ணு முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. எப்படிச் செய்வீங்களோ, அப்படியே.”

ஆப்பரேட்டர் மறுக்கவில்லை. அலமாரியிலிருந்து ஃப்ளாப்பிகளை எடுத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து பாடங்கள் ஜிப் கோப்புகளாகச் சுருக்கிக் கட்டி வரும். மேலாளரின் கம்ப்யூட்டரில் அவற்றை இறக்கி, தொகுதிக்கு ஒரு ஃப்ளாப்பியாகப் பிரித்து வைப்பார்கள். அந்த மஞ்சள் கம்ப்யூட்டருக்கு ஃப்ளாப்பியைத் தவிர வேறு எதுவும் இறங்காது. அதை விட்டால் புள்ளி இயந்திரத்தோடு பேசத் தெரிந்த கம்ப்யூட்டரும் வேறு கிடையாது.

முதல் ஃப்ளாப்பியைச் செருகிக் கோப்பின் கட்டை அவிழ்த்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. இயந்திரம் ஒரு தாள் குத்திக் கொடுத்தது. முதல் ஃப்ளாப்பியை எடுத்துவிட்டு இரண்டாவதைச் செருகினார். திரையில் ஒரு வரி வந்து நின்றது. அவர் விரல் யோசிக்காமல் ஒரு விசையைத் தட்டியது. இயந்திரம் மறுபடி ஆலங்கட்டியைக் கொட்டத் தொடங்கியது.

“நில்லுங்க,” என்றாள் அம்மா. “நடுவுல என்னமோ கேட்டுதே, என்ன அது?”

“அது ஒண்ணுமில்லம்மா. எப்பவும் கேக்கறதுதான். இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கு, அதை அழிச்சிட்டுப் புதுசை வைக்கவான்னு கேக்கும்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வேணாம்னு.”

“ஏன்?”

“அழிக்கறதுக்கு நான் யாரும்மா?” என்றார் அவர். “முன்ன ஒரு தடவை ‘சரி’ன்னு தட்டி, அச்சடிக்க வேண்டிய ஒரு முழு வரலாற்றுப் புத்தகம் காணாமப் போச்சு. மெமோ குடுத்தாங்க, பதவி உயர்வு நின்னுது. அன்னிலேருந்து அது என்ன கேட்டாலும் ‘வேணாம்’தான்.”

சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் தேய்ந்தது. திரையில் கோப்பின் பெயரைப் பார்த்தார். முதல் ஃப்ளாப்பியை எடுத்து அதில் உள்ள பெயரைப் பார்த்தார். பிறகு மூன்றாவதை.

“சார்,” என்று மேலாளரைக் கூப்பிட்டார். “இந்தக் கம்ப்யூட்டர் பேர்ல எட்டு எழுத்துக்கு மேல வெச்சுக்காது சார். முன்னெல்லாம் ஹெட் ஆபீஸ்ல சின்னப் பேரா வெப்பாங்க. புதுக் கம்ப்யூட்டர் வந்த பிறகு நாம அடிச்ச முதல் புத்தகம் இந்த அறிவியல்தான், இதுக்கு நீளமா வெச்சிருக்காங்க. பாடத்தோட பேர் முன்னாடி, தொகுதி நம்பர் கடைசியில. கடைசியை இது வெட்டிடுது. பத்துக்கும் ஒரே பேரு.”

மேலாளருக்கு முழுவதும் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

“அதாவது, பஸ்ல ஒரே ஒரு சீட்டு. முதல்ல ஏறினவர் உக்காந்துட்டார். பின்னாடி வந்த ஒம்பது பேரையும் படியிலயே இறக்கிவிட்டுட்டு, உக்காந்திருக்கிறவருக்கே பத்து டிக்கெட் கிழிச்சுக் குடுத்திருக்கீங்க. அப்படித்தானே?”

ஆப்பரேட்டர் தலையாட்டினார்.

“கேக்கற கேள்வியைப் படிக்காமலே பதில் சொல்றதுக்கு எதுக்குய்யா உனக்கு ரெண்டு கண்ணு? என் பொண்ணு அரை வருஷமா இதைத் தடவித் தடவிப் படிச்சா. தன் புத்தியிலதான் கோளாறுன்னு நினைச்சுக்கிட்டுப் படிச்சா. குருட்டுத்தனமா ஒரு பட்டனை அமுக்கிக்கிட்டு…”

“அம்மா,” என்றாள் சிட்டு. “அந்த வார்த்தை எனக்கும் சேத்துதான் விழுது.”

இயந்திரம் தாளை முடித்துவிட்டுத் தானாக நின்றது. அம்மா மகளின் தோளில் கைவைத்தாள். ஆப்பரேட்டர் அந்த வசவை அப்படியே வாங்கிக்கொண்டு நின்றார்.

மேலாளர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். அங்கே எடுத்தவர் பாடங்களைச் சுருக்கி அனுப்புகிற எழுத்தர்.

“எங்க கம்ப்யூட்டர்ல அருமையா திறக்குதே சார். பத்தும் தனித்தனியாத்தானே இருக்கு!”

“இங்க பத்தும் ஒண்ணாயிடுதுப்பா.”

“அது உங்க மெஷினோட பிரச்சனை. போன வருஷம் புது ஜிப்பே திறக்கலைன்னு சொன்னீங்க. உங்க ஒருத்தருக்காகப் பழைய முறையில கட்டித் தர்றோம். இப்ப பேரையும் வெட்டித் தரணும்னா எப்படி சார்? நாளைக்குப் படிச்சும் காட்டச் சொல்வீங்க போலிருக்கே! மெஷினை மாத்துங்க.”

“மாத்தணும்னு நாலு வருஷமா எழுதிக்கிட்டிருக்கேன்.”

“அது வேற செக்‌ஷன் சார்.”

அம்மா மேசையின்மேல் குனிந்தாள். “ஐயா, தப்பு உங்க பக்கமா, இவங்க பக்கமான்னு நான் கேக்கலை. புத்தகம் எப்ப வரும்?”

“நீங்க யாருங்க?”

“படிக்கிற பொண்ணோட அம்மா.”

“உங்க ஸ்கூல் மூலமா எழுதிக் குடுங்கம்மா. நேரடியாப் பேசக்கூடாது.” போன் வைக்கப்பட்டது.

எழுத்தர் பொய் சொல்லவில்லை. அவர் அனுப்பியது சரி. மேலாளரின் எண்ணிக்கையும் சரி. அனுப்பியவர், எண்ணியவர், ஒட்டியவர், கட்டியவர் எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள். இத்தனை சரிகளுக்கும் நடுவில் ஒரு பெண்பிள்ளை வீட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது.

“இந்தப் புத்தகம் வேற யாருக்கெல்லாம் போச்சு?”

“முப்பது பள்ளிக்கு மேல,” என்றார் மேலாளர். பிறகு, அம்மாவைச் சமாதானப்படுத்துகிற எண்ணத்தில், “ஆனா ஒருத்தர்கூட கம்ப்ளெயின்ட் பண்ணலம்மா,” என்றார்.

அம்மாவின் விரல்கள் மடங்கின.

“அது உங்களுக்குப் பெருமையா சார்? முப்பது பிள்ளைங்களும் யார்கிட்டயோ கேட்டிருக்கும். ‘சும்மா தர்றாங்க, பேசாமப் படி’ன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. என் வீட்டுலயும் சொன்னோம். கேட்ட வாயை எல்லாரும் சேந்து அடைச்சிட்டு, சத்தமே வரலைன்னு சந்தோஷப்படறீங்க!”

வாங்குகிற கைகளுக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொடுக்க நமக்குத் தெரிகிறது. கொடுக்கிற கைகளுக்குக் கவனம் வேண்டும் என்பதை யாரும் அவ்வளவு பொறுமையாகக் கற்றுக்கொடுப்பதில்லை.

மேலாளர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இந்த வருஷத்துக்கான தாள் கோட்டா முடிஞ்சு போச்சு. புதுசு வரதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும். ஒரு செட்டுக்கு மட்டும் எப்படியாவது சமாளிக்கறேன். உங்க பொண்ணுக்கு. இன்னிக்கே அடிச்சுத் தர்றோம். ஆனா… வெளியில பேச வேண்டாம்.”

வேண்டாம் என்று முகத்தில் எறிந்துவிட்டுப் போக வேண்டும்போல அவளுக்கு இருந்தது. விடுதிப் பள்ளியின் நீண்ட தாழ்வாரத்தில் சிட்டு சுவரைத் தடவி நடப்பதும் மனக்கண்ணில் வந்தது.

“தாங்க,” என்றாள். “வாயை மூடிக்கிட்டுப் போவேன்னு மட்டும் நினைக்காதீங்க.”

அன்று பகல் முழுக்க இயந்திரம் ஓடியது. ஒவ்வொரு முறை கேள்வி வரும்போதும் ஆப்பரேட்டர் அதை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு, ‘சரி’ என்று தட்டினார். தட்டும் முன்னால் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டார். தாள் வெளியே வந்ததும் சிட்டு தடவிச் சொன்னாள்: “இது செடியோட வேர். இது புதுசு… இது காந்தம். அம்மா, காந்தத்தைப் பத்திக்கூட இருக்கு!” அவள் சிரித்ததைப் பார்க்க அம்மாவுக்குச் சந்தோஷமாக இல்லை. அரை வருடமாக இந்தச் சிரிப்பை அலமாரியில் பூட்டி வைத்திருந்தவர்கள்மேல் ஆத்திரம்தான் இன்னும் ஏறியது.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் சிட்டு கேட்டாள்: “மத்த பிள்ளைங்களுக்கு?”

“நாளைக்கே எழுதறேன்.”

எழுதினாள். தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, அதற்கு மேலே இருப்பவர்களுக்கு ஒன்று. ஓட்டுநர்களின் ஓய்வறையில் மற்ற ஓட்டுநர்கள் டீ குடித்துக்கொண்டே ஆளுக்கொரு வரி எடுத்துக் கொடுத்தார்கள். “அந்த எழுத்தரை நம்ம வண்டியில ஏத்தி விடுக்கா, பிரேக் பிடிக்காம ஓட்டிக் காட்டுவோம்” என்ற வரியை மட்டும் அவள் சேர்க்கவில்லை. நாட்கள் ஓடின. பதில் இல்லை. சிட்டு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். அப்பா மாலையில் வேலை முடிந்து வந்ததும் அவள் அருகில் உட்கார்ந்து, அவள் வாசிப்பதைக் கேட்டுக் கேள்விகள் கேட்டார். அவருக்கும் காந்தம் புதிதாகத்தான் இருந்தது.

முழுப் பரீட்சையில் சிட்டு தேறினாள். முதல் மாணவியாக இல்லை, நடுவில் எங்கோ. ஆனால் எட்டாம் வகுப்புப் பட்டியலில் அவள் பெயர் அதே பள்ளியில் இருந்தது. தலைமையாசிரியை, “நான்தான் சொன்னேனே, முயற்சி பண்ணா முடியும்னு,” என்றார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கைகூப்பிவிட்டு வந்தாள்.

அந்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ‘தங்கள் மனு உரிய பிரிவுக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது.’ அவ்வளவுதான். அவள் அதை நான்காகக் கிழித்தாள். பிறகு மறுபடி ஒரு தாளை எடுத்து, முதலிலிருந்து எழுத உட்கார்ந்தாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று பரீட்சைக்கு முன்பே நடந்திருந்தது.

அவர்கள் வந்துபோன வாரத்தின் விடுமுறை நாளில், காலை வெயிலில், ஆப்பரேட்டர் அச்சகத்தின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே வந்தார். ஒவ்வொரு வேலைக்கும் வீணாகிற தாளுக்கென்று கொஞ்சம் கூடுதலாகத் தருவது அங்கே வழக்கம். அவர் வீணாக்குகிறவர் அல்லர். எத்தனையோ வருடங்களாக மிச்சமான கட்டுகள் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடந்தன. அவற்றைக் கணக்கில் வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. தூசியைத் தட்டி ஒரு கட்டை இயந்திரத்தில் பூட்டினார்.

இரண்டாம் தொகுதியின் ஃப்ளாப்பியிலிருந்து தொடங்கினார். கட்டை அவிழ்த்தார். திரையில் கேள்வி வந்தது. முழுவதும் படித்தார். ‘சரி’ என்று தட்டினார். அடித்து முடித்த தாளையும் அதற்கு முந்தைய தொகுதியின் தாளையும் விரலால் மாறி மாறித் தடவிப் பார்த்தார். வேறு வேறாக இருக்கிறது என்பது மட்டும் அந்த விரலுக்குத் தெரிந்தது. அவருக்கு அது போதவில்லை. அடுத்த விடுமுறைக்கு வரும்போது, பிரெய்ல் எண்களும் எழுத்துகளும் அச்சிட்ட அட்டை ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தொகுதியின் முதல் வரியையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் தைத்தார். ஒரு வரி படிக்க வெகுநேரம் ஆனது.

பார்வையற்றோரின் புத்தகங்களுக்குத் தபால் செலவு கிடையாது. விடுமுறை தவறாமல் வந்தார்; வேலை நாட்களிலும் எல்லாரும் போன பிறகு இரவில் தங்கி அடித்தார். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாரோ தெரியாது. பள்ளி பள்ளியாகக் கட்டி முகவரி எழுதினார். அனுப்புநர் என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை. கடைசிப் பள்ளிக்கான கட்டைச் சணலால் இறுக்கி முடிச்சுப் போட்டபோது மதியம் திரும்பியிருந்தது. இயந்திரத்தின்மேல் துணியைப் போர்த்தினார். ஒரு கணம் கைகூப்பி நின்றார். பிறகு விசிறியை நிறுத்தி, கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, பக்கக் கதவைச் சாத்தினார்.